சொந்த வயலா, கூலி வேலையா: விவசாயக் குடும்பத்தின் உழைப்புக் கணக்கை ஆராய்வது எப்படி?

சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. மதுராந்தகம் வட்டாரத்தில் நெல் பயிரிடும் 120 குடும்பங்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். குடும்பத்தார் எத்தனை நாள் சொந்த வயலில் இறங்குகிறார்கள், எத்தனை நாள் கூலிக்குப் போகிறார்கள், எதை வைத்து அப்படி முடிவு செய்கிறார்கள் என்பது தலைப்பு. அவருக்கு மூன்று சந்தேகங்கள். கூலியே வாங்காமல் சொந்த வயலில் மட்டும் உழைப்பவருக்கு எந்தக் கூலியைக் கணக்கில் வைப்பது? முன்னோட்டத் தரவில், கூலி அதிகம் பெறுகிறவர்கள் குறைவான நாள் வேலை செய்வதாக வருகிறதே, அது உண்மையா? வீட்டுப் பெண்களின் உழைப்பை எப்படிப் பதிவு செய்வது?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். கூலி ஏறினால் உழைப்பு எவ்வளவு கூடும் என்று கணக்கிடும் முன், அந்தக் குடும்பம் நினைத்த நாளில் ஊர்க் கூலிக்கு வேலைக்குப் போக முடிகிறதா, ஊர்க் கூலிக்கு ஆள் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தாக வேண்டும். முடிகிறது என்றால் ஒரு கணக்கு. முடியவில்லை என்றால் முற்றிலும் வேறு கணக்கு. இதைச் சோதிக்காமல் நேராகக் கூலி நெகிழ்ச்சிக்கு, அதாவது கூலி ஒரு சதவீதம் ஏறினால் உழைப்பு எத்தனை சதவீதம் மாறும் என்ற எண்ணுக்கு, போகிற ஆய்வறிக்கைகள்தான் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வில் தடுமாறுகின்றன.

ஓர் எண் உதாரணம். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஏற்கெனவே 30 ஆள்-நாள் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 31ஆவது நாள் உழைப்பால், அதாவது இன்னொரு களையெடுப்பால், ₹500 மதிப்புள்ள நெல் கூடுகிறது. 35ஆவது நாளில் கூடுவது ₹400. 40ஆவது நாளில் ₹250தான். ஊர்க் கூலி ₹400. கூலி வேலை தாராளமாகக் கிடைக்கும் ஊரில், வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் 35 நாளோடு நிறுத்துவதே லாபம். ஆள் போதாத வீடு கூலிக்கு ஆள் வைக்கும், ஆள் மிஞ்சிய வீடு வெளியே வேலைக்குப் போகும். வயலில் எவ்வளவு உழைப்பு விழுகிறது என்பதற்கும் வீட்டில் எத்தனை தலை என்பதற்கும் தொடர்பே இருக்காது. உற்பத்தி முடிவும் நுகர்வு முடிவும் இப்படித் தனித்தனியே நிற்பதை இங்கே பிரிநிலை என்று சொல்கிறேன்.

வெளியே வேலை கிடைக்காத ஊரில் இது உடைந்துபோகும். ஆறு பேர் உள்ள வீடு, ஒரு நாள் ஓய்வை ₹250க்கு மேல் மதிக்கவில்லை என்றால், 40ஆவது நாள் வரை வயலிலேயே இறங்கும். அந்த ₹250 அந்த வீட்டின் நிழல் கூலி. அது எந்தச் சந்தையிலும் எழுதி ஒட்டப்படாது, வீட்டுக்கு வீடு மாறும். 1920களில் ரஷ்ய விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் சயனோவ், உண்ணும் வாய்க்கும் உழைக்கும் கைக்கும் உள்ள விகிதமே உழைப்பின் அளவை முடிவு செய்கிறது என்று சொன்னது இந்த நிலையைத்தான். இந்தியப் பண்ணை மேலாண்மை ஆய்வுகளில், நிலத்தின் அளவு குறையக் குறைய ஏக்கருக்கு விளைச்சல் கூடுவதை 1962இல் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டி, சிறு விவசாயி தன் வீட்டு உழைப்பை ஊர்க் கூலியைவிட மலிவாக மதிப்பதுதான் காரணம் என்று விளக்கினார். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். ஆகவே உங்கள் மாதிரியிலும் பெரும்பாலான வீடுகள் இந்தக் கேள்விக்குள்ளேதான் வரும்.

பிரிநிலை இருந்தாலும்கூட விவசாயக் குடும்பம் ஆலைத் தொழிலாளி மாதிரி நடந்துகொள்ளாது. நெல் விலை ஏறினால் அவர்கள் வாங்குபவர்களாக நொடிக்கிறார்கள், விற்பவர்களாக லாபம் பார்க்கிறார்கள். லாபம் பெரிதாக இருந்தால் வீட்டார் வயலில் இறங்கும் நாள் குறைந்து, கூலியாள் வைக்கும் நாள் கூடும். கூலி ஏற்றமும் அப்படித்தான். வருடத்தில் கூலிக்குப் போகும் நாள் அதிகமுள்ள வீட்டுக்கு அது வரவு, ஆள் வைக்கும் நாள் அதிகமுள்ள வீட்டுக்குச் செலவு. 120 வீடுகளையும் ஒரே குவியலாகப் போட்டு ஒரு நெகிழ்ச்சி எண்ணை எடுத்தால், இந்த இரண்டு எதிர்த் திசைகளும் ஒன்றையொன்று தின்றுவிடும். நிகரமாக உழைப்பை விற்கிற வீடு, வாங்குகிற வீடு, இரண்டும் செய்யாத வீடு என்று முதலிலேயே பிரித்து அட்டவணை போடுங்கள்.

இனி, பிரிநிலை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 1992இல் டுவைன் பெஞ்சமின் ஜாவா தரவில் செய்த முறை எளியது, உங்களாலும் செய்ய முடியும். ஒரு பின்னடைவுச் சமன்பாடு. அதன் இடப்பக்கம், ஒரு பருவத்தில் அந்த வயலில் விழுந்த மொத்த ஆள்-நாளின் லாக் (மடக்கை). வலப்பக்கம், நிலப் பரப்பின் லாக், கூலியின் லாக், குடும்ப எண்ணிக்கையின் லாக், அதில் 15-59 வயது ஆண், பெண், 60க்கு மேற்பட்டோர், சிறுவர் ஆகியோரின் பங்குகள். குடும்பம் சார்ந்த கெழுக்கள், அதாவது அந்த மாறிகளின் தாக்கத்தைக் காட்டும் எண்கள், எல்லாம் சேர்ந்து பூச்சியத்திலிருந்து வேறுபட்டால் பிரிநிலை இல்லை என்று பொருள். இதில் மாணவர்கள் செய்கிற பெரிய பிழை, இடப்பக்கத்தில் வீட்டு ஆட்களின் நாட்களை மட்டும் வைப்பது. சந்தை நன்றாக இயங்கினாலும் பெரிய குடும்பம் தன் வயலில் சொந்த ஆளைக் கூடுதலாக இறக்கத்தான் செய்யும், கூலியாளைக் குறைக்கும். ஆகவே கூலியாள், மாற்றாள் (கைமாற்றாக ஒருவர் வயலில் ஒருவர் உழைப்பவர்), வீட்டாள் மூன்றையும் கூட்டிய மொத்தம்தான் இடப்பக்கம் நிற்க வேண்டும்.

பெஞ்சமினுக்குக் குடும்ப அளவின் தாக்கம் தென்படவில்லை. ஆனால் 2016இல் டேனியல் லஃபேவ், டங்கன் தாமஸ் இருவரும் மத்திய ஜாவாவில் அதே குடும்பங்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்த தரவை வைத்துப் பார்த்தபோது பிரிநிலை உடைந்தது. ஒரே குடும்பத்தைக் காலப்போக்கில் ஒப்பிடும்போது, கண்ணுக்குத் தெரியாத நில வளம், விவசாயியின் திறமை போன்ற நிலையான வேறுபாடுகள் கழிந்துவிடுகின்றன. நல்ல கிணற்றுப் பாசனம் உள்ள வீட்டில் பிள்ளைகள் பிரியாமல் கூட்டாக இருப்பார்கள், ஏரிக் கடைமடைக்காரர் வீட்டில் சீக்கிரம் சென்னைக்குக் கிளம்பிவிடுவார்கள் என்றால், குடும்ப அளவே நிலத்தின் தரத்தைக் காட்டும் எண்ணாகிவிடும். குறைந்தபட்சம் போர்வெல் உண்டா, ஏரிப் பாசனத்தில் தலைமடையா கடைமடையா, சொந்தமா குத்தகையா என்ற மூன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 120 வீடுகளில் கெழு புள்ளியியல்படி தெளிவாக வராவிட்டால் உடனே பிரிநிலை இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். குடும்ப அளவில் அளவீட்டுப் பிழை இருந்தாலே அதன் கெழு பூச்சியத்தை நோக்கிச் சுருங்கும். நம்பக இடைவெளியை, அதாவது தரவோடு பொருந்தும் மதிப்புகளின் வரம்பை, காட்டி, எவ்வளவு பெரிய தாக்கத்தை உங்கள் தரவு நிராகரிக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

பிரிநிலை உடைந்தால், முதல் சந்தேகத்துக்கு விடை நிழல் கூலிதான். பெரு நாட்டு மலைப்பகுதிக் குடும்பங்களுக்கு 1993இல் ஹனன் ஜேக்கபி கையாண்ட முறை இது. முதலில் விளைச்சல் மதிப்புக்கு ஒரு உற்பத்திச் சார்பு மதிப்பிட வேண்டும். வீட்டு ஆண், வீட்டுப் பெண், கூலியாள், நிலம், உரம், இயந்திரச் செலவு ஆகியவை உள்ளீடுகள். லாக் வடிவில் வீட்டு ஆண் உழைப்பின் கெழு 0.25 என்று வந்தது, விளைச்சல் ₹90,000, வீட்டு ஆண் உழைத்தது 60 நாள் என்றால், கடைசி நாளின் மதிப்பு 0.25 × 90,000 ÷ 60 = ₹375. அதுவே அந்த வீட்டு ஆணின் நிழல் கூலி. இதையே உழைப்பு அளிப்புச் சமன்பாட்டில் கூலியின் இடத்தில் வைக்க வேண்டும். ஆனால் வகுத்தலில் உழைத்த நாள் கீழே இருக்கிறது, சமன்பாட்டின் இடப்பக்கமும் அதே நாள்தான். நேரடியாக ஓட்டினால் தவறான எதிர்மறை உறவு வரும். நிலத்தின் தரம், பாசனம் போன்ற, உற்பத்தியைப் பாதித்து ஓய்வு விருப்பத்தை நேராகப் பாதிக்காத மாறிகளைக் கருவி மாறிகளாக, அதாவது இந்தப் பொய்யான உறவைத் தவிர்த்துக் கூலியின் தாக்கத்தைப் பிரித்தெடுக்க, பயன்படுத்த வேண்டும். பெண் யாரும் வயலில் இறங்காத வீடுகளில் லாக் பூச்சியம் எடுக்க முடியாமல் நிற்கும். எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டிவிடும் குறுக்குவழி கெழுவைக் கலைத்துவிடும். அந்த வீடுகளுக்குத் தனியாக ஒரு 0/1 மாறி வைத்து, லாக் மதிப்பைப் பூச்சியமாக விடுவது இதைவிடத் தேவலை.

நிழல் கூலி ₹375, ஊரில் ஆண் கூலி ₹600 என்றால், அவர் ஏன் இன்னும் சொந்த வயலில் நிற்கிறார்? சோம்பல், பழக்கம், கௌரவம் என்று எழுதத் தோன்றும். அதற்கு முன் அந்த ₹600ஐப் பிரித்துப் பாருங்கள். பத்து நாள் வேலை தேடிப் போய் ஆறு நாள்தான் கிடைக்கிறது என்றால், ஒரு நாளுக்கான எதிர்பார்ப்பு ₹360. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பஸ், டீ என்று நாளுக்கு ₹60 போகிறது. மிஞ்சுவது ₹300. அவர் வயலில் நிற்பது சரியான கணக்குதான். ஆகவே கேள்வித்தாளில் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலைக்குத் தயாராக இருந்தீர்கள், எத்தனை நாள் கிடைத்தது, கிடைக்காத நாளில் என்ன செய்தீர்கள் என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்வியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். எமிலி பிரெசா, சுப்ரீத் கவுர், நந்திதா ஷம்தாசனி மூவரும் ஒடிசா கிராமங்களில் ஒரு பரிசோதனை செய்து 2021இல் வெளியிட்டார்கள். ஊரின் ஆண் தொழிலாளர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு ஒரு மாத காலம் வெளியில் வேலை கொடுத்தார்கள். அறுவடை போன்ற நெருக்கடிக் காலத்தில் ஊர்க் கூலி ஏறியது. வேலை குறைந்த மாதங்களிலோ, அத்தனை பேர் விலகியும் கூலி ஏறவில்லை, ஊரில் கூலி வேலை நடந்த நாட்களும் குறையவில்லை. விலகியவர்களின் இடத்தை, அதுவரை வேலை கிடைக்காமல் இருந்தவர்களும் சொந்த வேலையில் நின்றவர்களும் நிரப்பிவிட்டார்கள். சொந்த வயலில் நிற்பதாகப் பதிவாகும் நாட்களில் ஒரு பகுதி, கூலி வேலை கிடைக்காததால் நிற்கிற நாள் என்பது இதில் தெளிவாகிறது. ஆடி மாதத்தில் வரப்பு வெட்டுபவரும் கார்த்திகையில் களையெடுப்பவரும் ஒரே மாதிரி ‘சுயவேலை’ அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடிக்காத ஆய்வு, வேலையின்மையை விருப்பத் தேர்வு என்று எழுதிவிடும். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டாவது சந்தேகம்: கூலி ஏற ஏற நாள் குறைவது. கோட்பாட்டில் இது நடக்கலாம். வருமானம் போதுமான அளவுக்கு வந்தபின் ஓய்வு கூடும். ஆனால் உங்கள் தரவில் வந்தது பெரும்பாலும் வகுத்தல் பிழைதான். நீங்கள் மொத்தக் கூலி வருமானத்தை நாட்களால் வகுத்துக் கூலியைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒருவர் உண்மையில் 10 நாள் போய் ₹5,000 வாங்கியிருக்கிறார், கூலி ₹500. நினைவு தவறி 8 நாள் என்று சொன்னால் அவருடைய கூலி ₹625 ஆகிவிடும். 12 நாள் என்று சொன்னால் ₹417. நாளைக் குறைத்துச் சொன்னவருக்குக் கூலி தானாக ஏறுகிறது, கூட்டிச் சொன்னவருக்கு இறங்குகிறது. எல்லாருடைய உண்மைக் கூலியும் ஒன்றாக இருந்தாலும் வரைபடம் பின்னோக்கி வளையும். தீர்வு, ஊர் வாரியாக, வேலை வாரியாக, வார வாரம் நிலவும் கூலியைத் தனியாக மூன்று நான்கு பேரிடம் கேட்டுப் பதிந்து, அதன் இடைநிலை எண்ணைப் பயன்படுத்துவது.

ஒரே ஊரில் ஒரே வாரத்தில் நாற்று நடும் பெண்ணுக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கூலி. வேறுபாடு ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம்தான் வரும். அதனால் நான்கு ஊரில் முப்பது முப்பது வீடு எடுப்பதைவிட 12 ஊரில் பத்துப் பத்து வீடு எடுப்பது நல்லது. திட்டப் பிழையை ஊர் அளவில் தொகுத்துக் கணக்கிடுங்கள். 12 தொகுப்பு என்பதும் குறைவுதான் என்பதால், தொகுப்புகள் குறைவான தரவுக்கு ஏற்ற மறுமாதிரி முறையான வைல்டு பூட்ஸ்டிராப்பைக் கூடவே ஓட்டிப் பாருங்கள்.

ஒப்பீட்டுக்கு ஓர் எண்: மலாவியில் ஜெசிகா கோல்ட்பர்க் கூலியை ஊர் வாரியாகக் குலுக்கல் முறையில் மாற்றிப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், நாட்கூலி வேலைக்குப் போவதன் நெகிழ்ச்சி ஏறத்தாழ 0.15 முதல் 0.17. கூலி 10 சதவீதம் ஏறினால் வேலைக்கு வருவது 1.5 சதவீதம் அளவுக்குக் கூடும். சிறிய எண், ஆனால் நேர்மறை. உங்களுக்கு மைனஸ் 0.6 என்று வந்தால் முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள்.

மழை பொய்த்த ஆண்டில் நிலைமை இன்னும் சிக்கல். இந்திய மாவட்டத் தரவை வைத்து சீமா ஜெயச்சந்திரன் 2006இல் காட்டியது இது: வங்கிக் கடன், பிழைப்புக்கு வேறு ஊர் போக வசதி இரண்டும் இல்லாத இடங்களில், விளைச்சல் விழும் ஆண்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கூலிக்கு வருவதால் கூலி அதிகமாகச் சரிகிறது. உங்கள் தரவு ஒரே ஒரு ஆண்டுக்கானது என்றால் அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை எப்படி இருந்தது என்று தாலுகா மழைமானி எண்ணோடு எழுதுங்கள்.

மூன்றாவது, பெண்கள். பிஎல்எஃப்எஸ் எனப்படும் தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஊதியமில்லாக் குடும்பத் தொழிலாளிக்குக் குறியீடு 21, வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92, வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பவருக்கு 93. நெல் காயப்போடுவது, விதை தூற்றுவது, நடவாட்களுக்குச் சமைத்துக் கொண்டுபோவது, மாட்டுக்குப் புல் அறுப்பது எல்லாம் செய்கிற பெண் “சும்மா வீட்டில்தான் இருக்கேன்” என்று சொன்னால் 92இல் விழுந்துவிடுவார். “வேலை செய்கிறீர்களா” என்று கேட்காமல், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து மணி வாரியாகக் கேளுங்கள். ஆணிடம் கேட்டுப் பெண்ணின் நாளை எழுதாதீர்கள். வீட்டை ஒரே மனம் கொண்டதாகக் கருதுவதும் ஆபத்து. புர்கினா பாசோவில் கிறிஸ்டோபர் உட்ரி 1996இல், ஒரே வீட்டில் ஒரே பயிரிட்ட நிலங்களிலேயே பெண்கள் வசமுள்ளவற்றுக்கு உழைப்பும் எருவும் குறைவாகப் போவதைக் காட்டினார்.

2005ஆம் ஆண்டுச் சட்டப்படியான நூறு நாள் வேலை இங்கே தனிப் பத்தி பெற வேண்டியது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வயல் வேலையிலோ பெண் கூலி எப்போதும் கீழே. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெண்களே மிகப் பெரும்பான்மை என்பதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். கிளெமென்ட் இம்பேர், ஜான் பாப் இருவரின் 2015 ஆய்வில், கோடைப் பருவத்தில் தனியார் கூலி கிட்டத்தட்ட 5 சதவீதம் ஏறியதும், அரசு வேலைக்குப் போன அளவுக்குத் தனியார் வேலை குறைந்ததும் தெரிந்தது. உங்கள் படிவத்தில் ‘வேலை கேட்டும் கிடைக்காத நாள்’ என்று தனிக் கட்டம் வையுங்கள். அது இல்லாமல், நூறு நாள் வேலையால் ஆள் கிடைக்கவில்லை என்ற விவசாயிகளின் புகாரைச் சரிபார்க்க வழியே இல்லை.

களப் படிவத்தை வயல், பயிர், வேலை என்ற வரிசையில் அமையுங்கள். நாற்றங்கால், உழவு, அண்டை வெட்டுதல், நாற்றுப் பறிப்பு, நடவு, முதல் களை, இரண்டாம் களை, உரம், மருந்து, தண்ணீர் பாய்ச்சுதல், அறுப்பு, காய வைத்தல், மூட்டை ஏற்றுதல். ஒவ்வொன்றுக்கும் வீட்டு ஆண், வீட்டுப் பெண், முதியவர், சிறுவர், கூலி ஆண், கூலிப் பெண், மாற்றாள், இயந்திரம். தண்ணீர் பாய்ச்சுவது எல்லாப் படிவத்திலும் விட்டுப்போகிறது. இரவு மூன்று மணிக்குப் போய் மோட்டார் போட்டுவிட்டு வருவது நாளில் சேருமா என்று பேட்டி எடுப்பவருக்கே தெரியாது. ஆகவே மணிக் கணக்கில் பதியுங்கள். ஒரு ‘நாள்’ என்பது நடவுக்கு ஒரு நீளம், கட்டட வேலைக்கு வேறு நீளம். தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டும் வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்டிராக்டில் நடவு விட்டிருந்தால் தொகை, ஆள் எண்ணிக்கை, மணி மூன்றையும் கேளுங்கள். அறுப்பு இயந்திரத்தின் மணிகளை ஆள்-நாளாக மாற்றாதீர்கள், செலவாகத் தனியே வையுங்கள். டீ, டிபன், நெல்லாகக் கொடுத்த கூலி ஆகியவற்றைப் பணமாக மாற்றிக் கூலியோடு சேர்க்க வேண்டும்.

பருவம் முடிந்தபின் ஒரே தடவை போய்க் கேட்பது எல்லாவற்றையும் கெடுக்கும். தான்சானியாவில் வார வாரம் பதிந்ததையும் பருவ முடிவில் கேட்டதையும் ஒப்பிட்ட 2018 ஆய்வில், ஓர் ஆள் ஒரு வயலில் உழைத்த மணி நான்கு மடங்கு வரை மிகையாக வந்தது. அதே சமயம் சில வயல்களும் சில ஆட்களும் மறந்தே போனார்கள். சம்பா ஆவணி விதைப்பிலிருந்து தை அறுப்பு வரை ஏறத்தாழ 24 வாரம். 120 வீட்டுக்கும் வாரம் ஒருமுறை என்றால் 2,880 வரிசைத் தரவு கிடைக்கும். கிளாம்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் பக்கம்தான் என்றாலும் எல்லா வாரமும் நேரில் போக முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில், இடைப்பட்ட வாரம் போனில், மாலை ஆறரைக்கு மேல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஷிப்ட் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சம்பளம் வந்த மாதத்திலிருந்து பெற்றோர் களையெடுப்புக்குப் போவதை நிறுத்தினார்களா, கூலியாள் வைத்தார்களா என்பது உங்கள் ஆய்வின் சுவையான பகுதியாக வரலாம்.

பழைய ஒப்பீடு வேண்டுமானால், 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தொடங்கிவைத்த ஊர் ஆய்வுகளைத் தேடிப் பாருங்கள். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள தூசியும் தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அவற்றில் உண்டு. பின்னாளில் அந்த ஊர்களுக்கு மீண்டும் மீண்டும் போயிருக்கிறார்கள்.

முடிவை எழுதும்போது குறைந்தபட்ச ஆதரவு விலையையும் ஒரு அத்தியாயத்தில் தொடுங்கள். அந்த விலைக்கு அடிப்படையான ஏ2+எஃப்எல் செலவில் ஏ2 என்பது விவசாயி கையிலிருந்து செய்யும் செலவு, எஃப்எல் என்பது வீட்டாரின் உழைப்பு. எஃப்எல்லை அந்தப் பகுதியின் கூலி அடிப்படையில் மதிப்பிட்டுச் சேர்க்கிறார்கள். பிரிநிலை இருக்கும் ஊரில் அது சரி. இல்லாத ஊரில், நெருக்கடி மாதங்களில் வீட்டு உழைப்பின் மதிப்பு அதைவிட மேலே போகும், வேலை வறண்ட மாதங்களில் கீழே இறங்கும். உங்கள் 120 வீடுகளுக்கு மாத வாரியாக நிழல் கூலியை எடுத்து, ஒரு குவிண்டால் நெல்லுக்கு வீட்டு உழைப்பின் செலவு இரண்டு முறையிலும் எவ்வளவு வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினால், வேளாண் துறைக்காரர்களும் எடுத்துப் படிக்கக்கூடிய அட்டவணை அதுவாகத்தான் இருக்கும்.